வீட்டுக்கு அடியில் கசியும் குடிநீர்க் குழாய்: தண்ணி வெளியே போகுது சரி... உள்ளே என்ன வருது?

ஹாலில் ஒரு டைல்ஸ் மட்டும் எப்போதும் ஈரமாக இருக்கிறது. துடைத்தாலும் மறுநாள் காலையில் அதே ஈரம். சுவரின் அடிப்பக்கம் பெயின்ட் உரிந்து உப்பு பூக்கிறது. வெளியில் மழையும் இல்லை. "ஓதம்தான், வெயில் வந்தா சரியாகிடும்" என்று பெயின்டர் சொல்லிவிட்டுப் போகிறார். வெயிலும் வருகிறது, ஆனால் ஈரம் காயவில்லை.

பல வீடுகளில் கதை இப்படித்தான் தொடங்குகிறது. தரைக்கு அடியில் போகும் தண்ணீர்க் குழாய் எங்கேயோ விட்டுப்போயிருக்கும். தண்ணீர் வீணாகும், தரை கெட்டுப்போகும் என்பது எல்லோருக்கும் தெரிந்த கவலை. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சப்ளை வரும்போது எந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் வெளியே போகிறதோ, சப்ளை நின்ற பிறகு அதே ஓட்டை வழியாக வெளியில் இருக்கும் அழுக்கு உள்ளே வரும்.

இது எப்படி நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, தரையை உடைக்கத்தான் வேண்டுமா, செலவு யாருடையது? சென்னை வீடுகளை வைத்தே பார்ப்போம். மற்ற ஊர்களிலும் அடிப்படை இதுதான்.

இந்தூரில் என்ன நடந்தது?

2025 டிசம்பர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் இந்தூரில், பகீரத்புரா பகுதியில் வாந்தி, வயிற்றுப்போக்கோடு மக்கள் கூட்டம் கூட்டமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். பலர் உயிரிழந்தார்கள். எத்தனை பேர் என்பதில் அரசு சொன்ன கணக்கும் மக்கள் சொன்ன கணக்கும் ஒத்துப்போகவில்லை. தூய்மை நகரங்கள் பட்டியலில் தொடர்ந்து 8 முறை முதலிடம் பிடித்த நகரம் அது.

தேடிப் பார்த்தபோது குடிநீர் மெயின் குழாயில் கசிவு இருந்தது. அந்த இடத்துக்கு மேலே ஒரு கழிப்பறை கட்டப்பட்டிருந்தது என்று அதிகாரிகள் தெரிவித்தார்கள்.

தமிழ்நாட்டுக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. 2024 டிசம்பரில் சென்னை பல்லாவரம் பகுதியில் வாந்தி, வயிற்றுப்போக்கால் பலர் பாதிக்கப்பட்டார்கள், உயிரிழப்புகளும் நடந்தன. குடிநீரில் கழிவுநீர் கலந்துவிட்டது என்று மக்கள் சொன்னார்கள். அரசுத் தரப்பில் அதை மறுத்தார்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஏதாவது ஒரு தெருவில் இதே குற்றச்சாட்டு, இதே மறுப்பு, இதே தண்ணீர் மாதிரி சோதனை என்று செய்தி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இந்தூரில் உடைந்தது தெருவுக்கான பெரிய குழாய். நம் வீட்டுக்கு அடியில் இருப்பது அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் குழாய். அளவுதான் வேறு, அழுக்கு உள்ளே வரும் வழி ஒன்றுதான்.

வீட்டுக்கு அடியில் குழாய் எப்படிப் போச்சு?

பெரும்பாலும் குழாய் வீட்டுக்கு அடியில் போகவில்லை. வீடுதான் குழாய் மேல் வந்தது.

20, 30 வருஷத்துக்கு முன் வீடு கட்டும்போது, தெருவிலிருந்து வரும் மெட்ரோவாட்டர் குழாயைப் பக்கத்துச் சந்து வழியாகக் கொண்டுபோய்ப் பின்னால் சம்ப்பில் விட்டிருப்பார்கள். மேலே திறந்த இடம், மண் தரை. பிறகு குடும்பம் பெருகியது. சந்தை மூடி ஒரு பாத்ரூம், முன்னால் இழுத்து ஒரு ரூம், கார் நிறுத்த கான்கிரீட் தரை. குழாய் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கிறது. அதன் பாதை தெரிந்த கொத்தனார் இப்போது எங்கே என்று யாருக்கும் தெரியாது.

அதே சந்தில்தான் கழிவுநீர் லைனும் போகும், டிரெய்னேஜ் சேம்பரும் இருக்கும். குடிநீர்க் குழாய்க்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் நடுவில் பக்கவாட்டில் குறைந்தது 3 மீட்டர் இடைவெளி விட வேண்டும், முடியாத இடத்தில் குடிநீர்க் குழாய் கழிவுநீர்க் குழாயைவிட அரை மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் குடிநீர்ப் பொறியியல் கையேடு சொல்கிறது. 20 அடி அகல மனையில் 3 மீட்டருக்கு எங்கே போவது? மனையின் பாதி அகலம் அதற்கே சரியாகிவிடும். அதனால் மூன்றடிச் சந்தில் இரண்டும் தோளோடு தோள் உரசிக்கொண்டு போகின்றன.

பழைய ஜி.ஐ. குழாயாக இருந்தால் ஈரமண்ணில், அதுவும் உப்புத்தன்மை உள்ள மண்ணில், வெளிப்பக்கமிருந்தே துரு தின்னும். பிளாஸ்டிக் குழாய் துருப்பிடிக்காது, ஆனால் ஜாயின்ட்டில் விடும். பசை சரியாகப் போடாத எல்போ, மேலே கார் ஏறி இறங்கும் இடம், அஸ்திவாரச் சுவரைத் துளைத்துப் போகும் இடம் ஆகிய மூன்றும்தான் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள்.

அழுக்கு எப்படி உள்ளே வருது?

குழாயில் அழுத்தத்தோடு தண்ணீர் ஓடும்போது ஓட்டை வழியாக உள்ளிருந்து வெளியேதான் போகும். 24 மணி நேரமும் அழுத்தம் இருக்கும் ஊரில் குழாய் கசிந்தால் நஷ்டம் தண்ணீர் மட்டும்தான்.

நம்ம ஊர் சப்ளை அப்படி இல்லை. ஒரு நாளில் சில மணி நேரம், சில ஊர்களில் பல நாளுக்கு ஒரு முறை. மீதி நேரம் குழாய் காலி. ஓட்டையைச் சுற்றி இருக்கும் மண், கசிந்த தண்ணீரிலேயே ஊறி சேறாகக் கிடக்கிறது. பக்கத்துச் சேம்பரில் ஒரு விரிசல் இருந்தால் அந்தச் சேற்றில் கழிவுநீரும் இருக்கும். குழாய் காலியாகும்போது இந்தக் கலவை மெல்ல உள்ளே இறங்கும். மறுநாள் சப்ளை திறந்ததும் முதலில் சம்ப்பில் விழுவது இதுதான்.

இதை இன்னும் மோசமாக்கும் பழக்கம் ஒன்று உண்டு. மெட்ரோவாட்டர் லைனில் நேரடியாக மோட்டார் போட்டு உறிஞ்சுவது. இது சட்டப்படி தவறு என்று எல்லோருக்கும் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் பங்கை எடுக்கிறோம் என்பதாலேயே தப்பு என்று நினைக்கிறோம். ஆனால் உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளியில் இருப்பதைவிடக் குறையும். அப்போது ஓட்டையைச் சுற்றியிருக்கும் சேற்றுநீர் சொட்டு சொட்டாக வராது, இழுத்துக்கொண்டு வரும். வடசென்னைப் பகுதிகளில் வீட்டு வாசலில் இருக்கும் அடிபம்பும் இதையேதான் சின்ன அளவில் செய்கிறது. அடிபம்பு வைத்திருப்பவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அழுத்தமே இல்லாத தெருவில் வேறு என்ன செய்வார்கள்? ஆனால் அந்த லைனில் கசிவு இருந்தால் ஆபத்து அவர்களுக்குத்தான் முதலில்.

முதல் பத்து நிமிஷம் கலங்கலாக வந்தது, பிறகு தெளிந்துவிட்டது, அதனால் குடிக்கலாம் என்று நினைப்பது பெரிய தவறு. கிருமி கண்ணுக்குத் தெரியாது. தெளிந்த தண்ணீரிலும் இருக்கும். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை வகைகள், காலரா எல்லாம் இந்த வழியில் வரக்கூடியவை.

கசிவு இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

சென்னையில் பெரும்பாலான தனி வீடுகளுக்குத் தண்ணீர் மீட்டர் கிடையாது. எவ்வளவு ஓடினாலும் கட்டணம் ஒன்றுதான். அதனால் தண்ணீர் பில்லைப் பார்த்துக் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது.

கரண்ட் பில் காட்டிக்கொடுக்கும். 1 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 1 யூனிட். தினமும் கூடுதலாக ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 60 யூனிட் ஏறும். வீட்டில் புது ஏசி இல்லை, விருந்தாளி இல்லை, பில் மட்டும் ஏறியிருக்கிறது என்றால் மோட்டாரைச் சந்தேகப்படுங்கள். தொட்டி குறைந்ததும் தானாக மோட்டார் போடும் ஆட்டோமேட்டிக் கருவி வைத்த வீடுகளில் கசிவு மாதக்கணக்கில் தெரியாமல் போவதற்கு அந்தக் கருவியேதான் காரணம். நாமே சுவிட்ச் போட்டால், "என்ன இன்னிக்கு ரெண்டாவது தடவை?" என்று கேட்டிருப்போம்.

எவ்வளவு போகும்? தரைத்தளத்துக்கு மேல் 2 மாடி உள்ள வீட்டின் மொட்டைமாடித் தொட்டி, குழாயைவிட சுமார் 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால் கணக்குப்படி ஒரு நாளில் 5,000 லிட்டர் வெளியேறும். ஒரு ஆளுக்கு ஒரு நாளுக்கு 135 லிட்டர் என்ற அரசு அளவுகோலில் அது 37 பேருக்கான தண்ணீர். இவ்வளவு போனால் தெரிந்துவிடும். 1 மில்லிமீட்டர் ஓட்டைதான் ஆளை ஏமாற்றும். அதிலும் நாளுக்கு 500 லிட்டருக்கு மேல் போகும். சுற்றியுள்ள மண் அழுத்தமாக இருந்தால் கொஞ்சம் குறையலாம்.

எந்த லைன் என்று பிரித்துப் பாருங்கள்

பிளம்பரைக் கூப்பிடும் முன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இது. செலவு ஒரு சாக்பீஸ். இதைச் செய்யாமல் கடப்பாரையை எடுத்தால், தவறான இடத்தை உடைக்க வாய்ப்பு அதிகம். ஏனென்றால் வீட்டுக்கு அடியில் இருப்பது ஒரு குழாய் இல்லை. தெருவிலிருந்து சம்ப்புக்கு வருவது ஒன்று, சம்ப்பிலிருந்து மாடித் தொட்டிக்குப் போவது ஒன்று, தொட்டியிலிருந்து கிச்சன், பாத்ரூமுக்கு இறங்குவது இன்னொன்று.

கடைசியில் சொன்னதிலிருந்து தொடங்குவோம், அதில்தான் இரவும் பகலும் அழுத்தம் இருக்கிறது. ராத்திரி தொட்டியை நிரப்பி, மோட்டாரை ஆஃப் செய்து, எல்லாக் குழாயையும் மூடி, தண்ணீர் மட்டத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டாய்லெட்டும் பயன்படுத்தக் கூடாது. காலையில் மறுபடி அளந்து பாருங்கள். வழக்கமான 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டியில் 1 சென்டிமீட்டர் குறைந்தால் தோராயமாக 10 லிட்டர் போயிருக்கிறது. மறுநாள் ராத்திரி தொட்டிக்குக் கீழே இருக்கும் வால்வையும் மூடிவிட்டு இதையே செய்யுங்கள். முதல் நாள் குறைந்தது, இரண்டாம் நாள் குறையவில்லை என்றால் கசிவு இறங்கும் லைனில். இரண்டு நாளும் ஒரே அளவு குறைந்தால் தொட்டியையோ, வால்வையோ பாருங்கள்.

அவசரப்பட்டுத் தரையைச் சந்தேகப்பட வேண்டாம். ஃப்ளஷ் டேங்க் விடுவதுதான் வீடுகளில் மிகச் சாதாரணமான கசிவு. ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் கேசரி பவுடர் போட்டு, அரை மணி நேரம் கழித்துக் கோப்பையில் நிறம் இறங்கியிருக்கிறதா பாருங்கள். இறங்கியிருந்தால் வேலை சில நூறு ரூபாயில் முடிந்தது.

சம்ப்பை அடுத்துப் பாருங்கள். சப்ளை இல்லாத நேரத்தில், மோட்டார் போடாமல், மட்டத்தைக் குறித்து வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். மட்டம் குறைந்தால் சம்ப் சுவரில் விரிசல். சப்ளை இல்லாமலே மட்டம் ஏறியிருந்தால் அது அதைவிடப் பெரிய கவலை, வெளியில் இருக்கும் நீர் உள்ளே வருகிறது. அந்தத் தண்ணீரை அன்றைக்கே குடிக்கப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள்.

மோட்டார் லைனில் அழுத்தம் முக்கியமாக மோட்டார் ஓடும்போதுதான். ஓடும் நேரத்தில் மட்டும் தரை ஈரம் கூடினால் இந்த லைன். தொட்டி நிரம்ப முன்பு அரை மணி நேரம், இப்போது முக்கால் மணி நேரம் என்றாலும் இதைச் சந்தேகப்படலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் மோட்டாருக்குத் தண்ணி ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால், ஃபுட் வால்வு பழுதாக இருக்கலாம். அது வேறு விஷயம், தரையை உடைக்க வேண்டாம்.

தெருவிலிருந்து வரும் லைன்தான் கண்டுபிடிக்கக் கஷ்டமானது, ஆபத்தும் அதில்தான் அதிகம். சப்ளை வரும் நேரத்தில் மட்டும் ஈரம் கூடி, மற்ற நேரத்தில் குறைந்தால் சந்தேகம் வலுக்கும். கேட் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தால் ஒரு பக்கெட் நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். சம்ப் முனையிலும் அதே பக்கெட்டை வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் நடுவில் எங்கேயோ போகிறது. இது துல்லியமான சோதனை இல்லை, அறிகுறிதான்.

தேங்கும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதில் குழப்பமா? ஒரு டி.டி.எஸ். மீட்டர் உதவும். மெட்ரோ தண்ணீர், போர் தண்ணீர், தரையில் ஊறும் தண்ணீர் மூன்றையும் அளந்து பாருங்கள். ஊறும் நீர் எதோடு நெருங்கி வருகிறது என்பதே பாதி பதில். ஆனால் டி.டி.எஸ். குறைவாக இருந்தால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தமில்லை. கிருமியை அந்த மீட்டர் காட்டாது. இந்தக் குழப்பத்தில் எத்தனையோ வீடுகள் விழுகின்றன.

தரையை உடைக்கத்தான் வேண்டுமா?

பல நேரங்களில் வேண்டாம். இதைத்தான் பிளம்பரும் கொத்தனாரும் முதலில் சொல்ல மாட்டார்கள்.

கசிவு எந்த லைன் என்று தெரிந்த பிறகு, இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கக் கருவிகள் இருக்கின்றன. குழாய்க்குள் அழுத்தம் கொடுத்து, தரைமேல் மைக் வைத்துச் சத்தம் கேட்பது ஒரு முறை. ஈரத்தால் குளிர்ந்த இடத்தைக் காட்டும் தெர்மல் கேமரா இன்னொன்று. 5 சதவீதம் ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜன் வாயுவைக் குழாயில் செலுத்தி, தரையில் எங்கே எழும்புகிறது என்று பார்ப்பதும் உண்டு. நகரங்களில் இந்தச் சேவை கிடைக்கிறது. கட்டணம் கொடுக்க மனசு வராதுதான். ஆனால் ஹால் முழுக்க உடைத்து, பழைய டிசைன் டைல்ஸ் கடையில் கிடைக்காமல், மொத்தத் தரையையும் மாற்றிய வீடுகளைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு வழி, பெரும்பாலும் நல்ல வழி, அந்தக் குழாயையே கைவிடுவது. இரண்டு முனையிலும் அடைத்துவிட்டு, வீட்டைச் சுற்றி வெளிச்சுவர் ஓரமாகப் புது லைன் இழுப்பது. பார்க்க அழகாக இருக்காது. குழாய் நீளம் கூடும். ஆனால் அடுத்த முறை விட்டால் கண்ணுக்குத் தெரியும், அரை மணி நேரத்தில் சரி செய்யலாம். 25 வருஷ ஜி.ஐ. குழாயில் ஒரு ஓட்டையை அடைப்பது பலன் தராது. ஒரு இடத்தில் துரு தின்றிருந்தால் அடுத்த நாலு அடியிலும் தின்றுகொண்டுதான் இருக்கும். கிளாம்ப் போட்டு, தரை போட்டு, பாலிஷ் போட்டு முடித்த ஆறு மாதத்தில் பக்கத்து டைல்ஸ் ஈரமாகும்.

பிளாஸ்டிக் குழாய், வேறு எங்கும் பழுது இல்லை, ஜாயின்ட் மட்டும் விட்டிருக்கிறது, இடமும் துல்லியமாகத் தெரிந்துவிட்டது என்றால் அங்கே மட்டும் உடைத்துச் சரி செய்வது நியாயம். அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுசு போட வேண்டும். எம்-சீல் தடவுவது, ரப்பர் டியூப் சுற்றுவது எல்லாம் அழுத்தம் உள்ள குழாயில் நிற்காது. பிளம்பர் வரும்வரை ஒரு ராத்திரி தாக்குப்பிடிக்க வேண்டுமானால் செய்யலாம், அதன் மேல் சிமென்ட் போட்டு மூடக் கூடாது.

புது லைன் எந்தக் காரணத்துக்கும் டிரெய்னேஜ் சேம்பருக்குள் புகுந்து போகக் கூடாது. சுருக்கு வழி என்று அப்படிக் கொண்டுபோகும் வேலையைப் பல வீடுகளில் பார்க்கலாம், கட்டட விதிகள் அதைத் தெளிவாகவே தடை செய்கின்றன. சுவரைத் துளைக்கும் இடத்தில் பெரிய குழாய் ஒன்றை உறையாகப் போட்டு அதற்குள் விடச் சொல்லுங்கள். குழி மூடும் முன் பிரஷர் டெஸ்ட் கட்டாயம். வழக்கமான அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு கொடுத்து, சில மணி நேரம் கேஜ் முள் இறங்காமல் நிற்க வேண்டும். "போட்டதுமே ஓடுது சார், பிரச்னை இல்ல" என்பது டெஸ்ட் ஆகாது.

வீடு தாங்குமா?

மண்ணைப் பொறுத்தது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடற்கரைப் பகுதிகளின் மணலில், ஓடும் நீர் மணலை அரித்துக்கொண்டு போகும். தரைக்கு அடியில் வெற்றிடம் உருவாகும். டைல்ஸைத் தட்டினால் டொக் டொக் என்று பொய்ச் சத்தம் வரும். களிமண் பகுதியில் கதை வேறு. ஈரத்தில் மண் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதனால் கசிவைச் சரி செய்த பிறகும், மண் காயும் காலத்தில் சுவரில் புது விரிசல் வரலாம். உடனே பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். சில மாதம் விட்டு, விரிசல் வளர்கிறதா என்று தேதி போட்டுக் குறித்துப் பாருங்கள். விரிசல் அகலமாகிக்கொண்டே போனால், கதவு ஜன்னல் மூட மறுத்தால், தூணில் அறிகுறி தெரிந்தால், கொத்தனாரிடம் கேட்காமல் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

சரி செய்யும்வரை எந்தத் தண்ணியைக் குடிக்கறது?

தெருவிலிருந்து வரும் லைனில் கசிவு என்று சந்தேகம் வந்த அன்றே, அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிஷமாவது கொதிக்கட்டும். குடிக்க மட்டும் கேன் தண்ணி வாங்கிவிட்டு, பல் துலக்கவும் காய்கறி கழுவவும் அதே குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துவது நாம் வழக்கமாகக் கோட்டைவிடும் இடம். குழந்தை, கர்ப்பிணி, வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதில் கூடுதல் கவனம் தேவை. யாருக்காவது வயிற்றுப்போக்கு ஆரம்பித்தால் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுத்துக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள்.

தண்ணீரைச் சோதிக்க முடியுமா? முடியும். நுகர்வோர் குழாயில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தரநிலை. சொட்டு மருந்து போல் விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்கும் குளோரின் கிட் கடையில் கிடைக்கும். தெருவில் எல்லோர் வீட்டிலும் நிறம் வருகிறது, உங்கள் வீட்டில் மட்டும் வரவில்லை என்றால் கோளாறு உங்கள் லைனில். தெருவுக்கே வரவில்லை என்றால் அது வாரியத்தின் பிரச்னை. புகார் கொடுக்கும்போது இந்த ஒரு தகவல் மிகவும் உதவும். கிருமிக்கான உறுதியான பதில் ஆய்வகச் சோதனையில்தான். 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது விதி.

பழுது முடிந்ததும் வேலை முடிந்துவிடாது. சம்ப்பையும் தொட்டியையும் காலி செய்து, தேய்த்துக் கழுவி, குளோரின் போட வேண்டும். 1,000 லிட்டருக்கு சுமார் 200 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, எல்லாக் குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடி, ஒரு ராத்திரி விட்டு, மறுநாள் முழுவதையும் வெளியேற்றுங்கள். இந்த அளவு தொட்டி சுத்தம் செய்வதற்கு மட்டும். அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ குளிக்கவோ கூடாது. கரைக்கும்போது கையுறை போடுங்கள், ஆசிட்டோடு சேர்க்காதீர்கள், சம்ப்புக்குள் தனியாக இறங்காதீர்கள்.

செலவு யாருடையது?

தெரு மெயினிலிருந்து வீட்டு எல்லை வரை உள்ள பகுதி வாரியத்தின் கட்டுப்பாட்டில், எல்லைக்கு உள்ளே இருப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்பதுதான் இந்தியக் கட்டட விதிகளின் பொதுவான பிரிவு. வெளியே கசிந்தால் நீங்களே தெருவைத் தோண்டக் கூடாது. சாலையை வெட்ட அனுமதி வேண்டும், பக்கத்தில் கரண்ட் கேபிளும் இருக்கும். சென்னையில் 1916 என்ற எண்ணிலோ 044-45674567 என்ற எண்ணிலோ மெட்ரோவாட்டரிடம் புகார் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சப்ளை வரும் நேரம், வாடை அல்லது கலங்கல் எத்தனை நிமிஷம் நீடிக்கிறது, பக்கத்து வீடுகளில் எப்படி என்ற மூன்றையும் சொன்னால், வருபவர் எங்கே தோண்டுவது என்று தேடி அலைய வேண்டியதில்லை.

வாடகை வீடு என்றால்? தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, குழாய் மாற்றுவதும் கட்டட அமைப்பு சார்ந்த பழுதும் உரிமையாளர் பொறுப்பு. குழாய்த் திருகு, வாஷர் மாற்றுவது போன்ற சின்ன வேலைகள் வாடகைதாரர் பொறுப்பு. தரைக்கு அடியில் கசிவது வாஷர் விவகாரம் இல்லை. உரிமையாளர் செய்ய மறுத்தால், வாடகைதாரர் செய்துவிட்டு வாடகையில் கழிக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு முன் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும், வாட்ஸ்அப்பிலாவது போட்டோவோடு அனுப்பி வையுங்கள். நடைமுறையில், "இஷ்டம் இல்லன்னா காலி பண்ணுங்க" என்ற பதிலுக்குப் பயந்து சண்டை போடாமல் இருப்பவர்களே அதிகம் என்பதும் உண்மை.

24 மணி நேர சப்ளை வந்தால் தீருமா?

அழுக்கு உள்ளே வரும் பிரச்னை பெருமளவு தீரும். குழாயில் எப்போதும் அழுத்தம் இருந்தால் ஓட்டை இருந்தாலும் வெளியே இருப்பது உள்ளே வர வழியில்லை. ஒடிசாவின் புரி 2021-ல் குழாயிலிருந்தே குடிக்கலாம் என்று 24 மணி நேரத் தண்ணீர் தந்த முதல் இந்திய நகரமானது. கோவையிலும் அப்படி ஒரு திட்டம் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. ஆனால் பழைய கசிவுகளை அடைக்காமல் 24 மணி நேரமும் திறந்துவிட்டால், நாலு மணி நேரம் கசிந்தது 24 மணி நேரமும் கசியும். தண்ணீர் பற்றாக்குறை உள்ள சென்னைக்கு அது கட்டுப்படியாகாது. அதனால் தெருத் தெருவாகக் குழாய் மாற்றி, வீட்டுக்கு வீடு மீட்டர் வைத்த பிறகே அதைச் செய்ய முடியும். மீட்டர் என்றாலே எதிர்ப்பு வருகிறது. ஆனால் வீட்டுக்குள் கசிவு இருக்கிறதா என்று ஒரே ராத்திரியில் சொல்லக்கூடிய கருவியும் அதுதான்.

அதுவரை, பழுது பார்க்கும் அன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். குழி மூடும் முன், புதுக் குழாய் தெரியும்படி, சுவரிலிருந்து எத்தனை அடி, எவ்வளவு ஆழம் என்று டேப் பிடித்து ஒரு போட்டோ எடுத்து, பிரின்ட் போட்டு மோட்டார் சுவிட்ச் பெட்டிக்குள் ஒட்டி வையுங்கள். போன் மாறிவிடும், பிளம்பரும் மாறிவிடுவார்.